உண்பவை 21 கிராம், உண்ணப்படுபவை 4 கிராம்: கடலின் தலைகீழ்ப் பிரமிடு எப்படி நிற்கிறது?

எண்கணிதன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் கணிதம் கற்பிப்பவன். உயிரியலோடு எனக்கிருந்த தொடர்பு பள்ளியோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். மகள் மேல்நிலை வகுப்புக்கு வந்தபின் அது மறுபடி தொடங்கியிருக்கிறது. அவளுடைய பாடநூலில் அடுத்தடுத்த இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று முரண்படுவதாக எனக்குத் தோன்றுகிறது. நான் அவளுக்குச் சொன்ன விளக்கம் எனக்கே நிறைவளிக்காததால் இங்கே கேட்கிறேன்.

முதல் பக்கத்தில் பத்து விழுக்காடு விதி இருக்கிறது. தாவரங்கள் சேர்த்துவைத்த ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் தாவர உண்ணிகளின் உடலாகிறது. அதிலும் பத்தில் ஒரு பங்குதான் அவற்றைத் தின்னும் ஊனுண்ணிகளைச் சேர்கிறது. எஞ்சியவை சுவாசத்தில் வெப்பமாகவும், செரிக்காத கழிவாகவும், தின்னப்படாமலே மடிந்த உடல்களாகவும் போய்விடுகின்றன. இது எனக்கு விளங்குகிறது. ஆகவே அடிப்படி அகன்றும் மேலே போகப்போகக் குறுகியும் ஒரு பிரமிடு அமைய வேண்டும் என்பதும் விளங்குகிறது. அடுத்த பக்கத்திலோ, கடலில் உயிரித்திரள் பிரமிடு (ஒவ்வொரு படியிலும் உள்ள உயிர்களின் மொத்த எடையைக் காட்டுவது) தலைகீழாக இருக்கும் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு, ஆங்கிலக் கால்வாயை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பின் கீழ், உலர் எடையில், தாவர மிதவை உயிரிகள் 4 கிராம்; அவற்றை நம்பி வாழும் விலங்குகள் 21 கிராம்.

நான்கு கிராமைத் தின்று இருபத்தொரு கிராம் எப்படி உயிர் வாழும்? விதியின்படி 0.4 கிராம் அல்லவா இருக்க வேண்டும்? "கடலில் அந்த விதி பொருந்தாது" என்று மகள் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொண்டாள். ஆற்றல் அழிவின்மைக்குக் கடல்நீரில் மட்டும் விலக்களிக்கப்பட்டிருக்கும் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதையொட்டி இன்னொரு ஐயமும் உண்டு. பாசியைச் சிறு பூச்சி தின்னும், பூச்சியைச் சிறிய மீன் தின்னும், சிறிய மீனைப் பெரிய மீன் தின்னும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் நேர்க்கோட்டுப் படம் உண்மையான நீர்நிலைகளில் எவ்வளவு தூரம் செல்லும்? மேலே இருக்கும் மீனை அகற்றிவிட்டால் கீழே இருப்பவை எல்லாம் பெருகும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

குளத்துப்பாசி எழுதியது:

தங்கள் ஐயம் நியாயமானது. பாடநூல் சொல்லாமல் விட்டது "ஓராண்டில்" என்ற ஒரு சொல்லைத்தான். பத்து விழுக்காடு என்பது குறிப்பிட்ட காலத்தில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பாய்ந்த அளவைப் பற்றியது. 4 கிராம், 21 கிராம் என்பவை ஒரு வேளையில் வலையிட்டு அள்ளியபோது அங்கே நின்றிருந்த அளவுகள். முன்னது வரவு, பின்னது கையிருப்பு. கையிருப்பைப் பார்த்து வரவைக் கணிக்க முயன்றதால்தான் முரண்பாடு போலத் தெரிகிறது.

தாவர மிதவை உயிரிகளில் பெரும்பாலானவை ஒற்றைச் செல் உயிரிகள். ஒளியும் ஊட்டச்சத்தும் கிடைத்தால் அவை ஒரு நாளிலோ சில நாள்களிலோ இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிந்த வேகத்திலேயே தின்னவும் படுகின்றன. ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். 4 கிராம் கையிருப்பு நாளொன்றுக்கு 2 கிராம் வளர்கிறது என்றும், அந்த 2 கிராமும் அன்றன்றே தின்னப்படுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். எந்த நாளில் அளந்தாலும் 4 கிராம்தான் இருக்கும். ஆனால் ஓராண்டில் 730 கிராம் விளைந்து தின்னப்பட்டிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 73 கிராம், விலங்கின் உடலாக மாறியிருக்கும். அந்த விலங்குகள் நாள்கணக்கில் அல்லாமல் மாதக்கணக்கில் வாழ்பவை. ஆகவே அந்த 73 கிராமில் ஒரு பகுதி எந்நேரமும் நீரில் நின்றுகொண்டிருக்கும். உயிரித்திரள் பிரமிடு கவிழலாம். ஆற்றல் பிரமிடு எக்காலத்திலும் கவிழாது. தங்கள் மகள் குறிப்பேட்டில் எழுதியதை இப்படி மாற்றி எழுதிக்கொண்டால் போதும்.

நிலத்தில் இப்படி ஏன் நிகழ்வதில்லை என்ற கேள்வி இங்கேயே எழுகிறது. காட்டில் உயிரித்திரளின் பெரும்பகுதி மரத்தண்டாகவும் வேராகவும் இருக்கிறது. அது நூறாண்டு நிற்கும். அதைக் கடித்துச் செரிக்கக்கூடிய விலங்குகள் மிகச் சில. நீரில் மிதக்கும் செல்லுக்குத் தண்டு தேவையில்லை, ஏனெனில் நீரே அதைத் தாங்குகிறது. வேரும் தேவையில்லை, ஏனெனில் ஊட்டம் அதன் உடலைச் சுற்றிலும் கரைந்திருக்கிறது. எனவே அந்தச் செல் முழுவதும் உணவாகிவிடுகிறது. உலகின் ஒளிச்சேர்க்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதியைச் செய்வது கடலின் மிதவை உயிரிகள். ஆனால் உலகிலுள்ள ஒளிச்சேர்க்கை உயிர்களின் மொத்த எடையில் அவற்றின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. உங்கள் முரண்பாடு உலக அளவிலேயே இப்படிக் கண்முன் நிற்கிறது.

பத்து என்ற எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பாடநூல்கள் அதை நியூட்டன் விதிபோல் எழுதுகின்றன. ரேமண்ட் லிண்டெமன் என்ற இளம் ஆய்வாளர் அமெரிக்காவின் மினசோட்டாவிலுள்ள சீடார் பாக் என்ற சிறிய ஏரியை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, ஓர் ஏரியின் உயிர்களை எல்லாம் ஆற்றல் பாயும் படிகளாகப் பார்க்கலாம் என்று எழுதினார். அந்தக் கட்டுரை 1942-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், இருபத்தாறு வயதில், அவர் இறந்துவிட்டார். ஒவ்வொரு படியிலும் விழுக்காடு வேறுபடும் என்பது அவருடைய எண்களிலேயே தெரியும்.

ஹோவர்டு ஓடம் ஃபுளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுநீர் ஆற்றை அளந்து 1957-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் தெளிவானது. ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குக் கிலோகலோரி அளவில், தாவரங்களின் மொத்த உற்பத்தி 20,810, தாவர உண்ணிகளுக்குப் போனது 3,368, ஊனுண்ணிகளுக்கு 383, உச்சி ஊனுண்ணிகளுக்கு 21. தாங்கள் கணித ஆசிரியர் என்பதால் வகுத்துப் பார்த்திருப்பீர்கள்: பதினாறு, பதினொன்று, ஐந்தரை விழுக்காடு. "பத்து" என்பது இப்படிப்பட்ட பல எண்களின் நடுவே நிற்கும் ஒரு வசதியான உருண்டை எண். அதைத் தேர்வில் எழுதலாம். ஏரிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கழிமுகம் எழுதியது:

முந்தைய பதிலில் வரவும் கையிருப்பும் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் "படி" என்ற சொல்லையே கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கேள்வியாளரின் இரண்டாவது ஐயம் அங்கேதான் இருக்கிறது. குளத்துப்பாசி அதைத் தொடாமல் போய்விட்டார்.

நிலத்தில் ஒரு மான் பிறந்த நாளிலிருந்து இறக்கும்வரை தாவர உண்ணிதான். குட்டிப் பருவத்தில் பால் குடிப்பதைத் தவிர. மீன் அப்படி இல்லை. நீரில் யார் யாரை உண்பது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வாயின் அளவு. பெரும்பான்மையான மீன்களுக்குக் கடித்துக் கிழிக்கும் வழக்கம் இல்லை, முழுதாக விழுங்குகின்றன. எனவே வாய்க்குள் நுழைவதெல்லாம் இரை, யாருடைய வாய்க்குள் தான் நுழைகிறதோ அது பகை. ஒரு மில்லிமீட்டர் அளவான முட்டையில் தொடங்கி ஒரு மீட்டர் நீளம்வரை வளரும் காட் மீன் இந்த ஏணியில் பல படிகளை ஒரே பிறவியில் ஏறிவிடுகிறது. குஞ்சாக இருக்கும்போது கோபிபாட்கள் எனும் நுண்ணிய மிதவை விலங்குகளின் இளம் பருவங்களைத் தின்கிறது. சற்று வளர்ந்ததும் பெரிய இறால் வகைகளை. முழு வளர்ச்சியடைந்ததும் ஹெர்ரிங், ஸ்பிராட் போன்ற மீன்களை, சில வேளைகளில் தன் இனத்துக் குஞ்சுகளையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஹெர்ரிங்கும் ஸ்பிராட்டும் காட் மீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்பவை. அம்புக்குறியை எந்தப் பக்கம் போடுவீர்கள்? இரண்டு பக்கமும் போட வேண்டியிருக்கிறது. பால்டிக் கடலில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து காட் குறைந்ததும் ஸ்பிராட் பெருகியது. பெருகிய ஸ்பிராட் காட் முட்டைகளை உண்டது. வேட்டையாடி ஒருமுறை வலுவிழந்துவிட்டால் அதன் இரையே அதை எழவிடாமல் அழுத்தி வைத்திருக்க முடியும். நேர்க்கோட்டுச் சங்கிலிப் படத்தில் இந்த நிகழ்வை வரையவே இடமில்லை.

அடுத்து, பாடநூல் படங்களில் "சிதைப்பான்கள்" என்று ஓரமாக ஒரு பெட்டி போட்டு, எல்லாப் படிகளிலிருந்தும் அதற்கு ஓர் அம்பு வரைந்து கைகழுவிவிடுவார்கள். கடலில் அந்தப் பெட்டிதான் பாதிக் கதை. தாவர மிதவை உயிரிகள் தாம் உருவாக்கும் கரிமப் பொருளில் ஒரு பகுதியைக் கரைந்த நிலையில் நீரில் கசியவிடுகின்றன. அவற்றைத் தின்னும் விலங்குகளும் சிந்திச் சிதறித் தின்கின்றன. கரைந்துபோன அந்தப் பொருளை எந்த மீனாலும் பிடிக்க முடியாது. பாக்டீரியாக்களால் முடியும். ஒரு மில்லிலிட்டர் கடல்நீரில் ஏறத்தாழப் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றை நுண்ணிய கசையிழை உயிரிகள் தின்கின்றன. கசையிழை உயிரிகளைச் சிலியேட்டுகள் எனும் ஒற்றைச் செல் உயிரிகள் தின்கின்றன. சிலியேட்டுகளைக் கோபிபாட்கள் தின்கின்றன. நழுவிப்போன ஆற்றல் இப்படிச் சுற்றி வந்து பழைய சங்கிலியில் சேர்கிறது. ஃபாரூக் அசாமும் உடன் ஆய்வாளர்களும் 1983-இல் இதற்கு நுண்ணுயிர் வளையம் என்று பெயரிட்டார்கள். சுற்று நீளமானது என்பதால் வழியில் சுவாசமாகப் போவதும் மிகுதி. மீனை வந்தடைவது சொற்பம்.

வைரஸ்கள் வேறு இருக்கின்றன. அதே மில்லிலிட்டரில் பாக்டீரியாக்களைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. அவை செல்லை உடைக்கும்போது உள்ளிருந்தது எல்லாம் மறுபடி கரைந்த பொருளாகிப் பாக்டீரியாக்களுக்கே திரும்பிவிடுகிறது. மேலே ஏற வேண்டியது ஏறாமல் கீழேயே சுழல்கிறது.

ஆகவே ஓர் உயிரை "மூன்றாம் படி" என்று முழு எண்ணில் சொல்வதைவிட, அது இன்னின்ன விகிதத்தில் எதையெதைத் தின்கிறது என்று பார்த்துப் பின்னத்தில் சொல்வதே நீரியல் ஆய்வாளர்களின் வழக்கம். அதை அளக்கவும் ஒரு வழி உண்டு. உடலில் இருக்கும் நைட்ரஜனில் கனமான வகையான நைட்ரஜன்-15 இன் விகிதம் ஒவ்வொரு படிக்கும் ஆயிரத்துக்குச் சராசரியாக 3.4 அளவு கூடுகிறது, ஏனெனில் இலேசான நைட்ரஜன் கழிவாக எளிதில் வெளியேறிவிடுகிறது. மீனின் தசையில் ஒரு துண்டு இருந்தால் போதும். இரைப்பையைப் பார்த்தால் கடைசியாகத் தின்றது மட்டுமே தெரியும், தசையோ பல மாத உணவைச் சராசரியாக்கிக் காட்டும். 2.7, 3.4 என்று வரும் எண்கள் கணித ஆசிரியருக்கு நிச்சயம் பிடிக்கும்.

நீர்க்காகம் எழுதியது:

மேலிருக்கும் மீனை அகற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வியை யாரும் இன்னும் எடுக்கவில்லை. "கீழே இருப்பவை எல்லாம் பெருகும்" என்பது தவறு. ஒன்றுவிட்டு ஒன்று பெருகும் என்பது உண்மைக்குச் சற்று அருகில் வரும்.

ஏரியில் மீன் தின்னும் பெரிய மீன், அதற்குக் கீழே மிதவை விலங்குகளைத் தின்னும் சிறுமீன், அதற்குக் கீழே டாஃப்னியா போன்ற மிதவை விலங்கு, அதற்கும் கீழே பாசி என்று நான்கு படி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மீன் மிகுந்தால் சிறுமீன் குறையும். சிறுமீன் குறைந்தால் டாஃப்னியா பெருகும். டாஃப்னியா பெருகினால் பாசி குறைந்து நீர் தெளியும். ஸ்டீபன் கார்ப்பெண்டரும் ஜேம்ஸ் கிச்செலும் 1985-இல் மிச்சிகனின் சிறிய ஏரிகளில் இதைச் சோதித்தார்கள். டியூஸ்டே என்ற ஏரியிலிருந்து சிறுமீன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பாஸ் என்ற வேட்டை மீனை விட்டார்கள்; பெரிய டாஃப்னியாக்கள் மேலோங்கின, பாசி குறைந்தது. பக்கத்திலிருந்த பால் என்ற ஏரியை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் வைத்திருந்தார்கள்.

பீட்டர் என்ற மூன்றாவது ஏரியில் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்: பாஸ் மீன்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சிறுமீன்களை விட்டார்கள். அது ஏட்டில் வரைந்தபடி நடக்கவில்லை. எஞ்சியிருந்த சில பாஸ் மீன்களுக்கு அஞ்சிச் சிறுமீன்கள் கரையோர மறைவிடங்களில் ஒதுங்கிக்கொண்டன. ஆழ்ந்த நீரில் மிதவை விலங்குகளைத் தின்ன ஆளில்லை. பின்னர் பாஸ் மீனின் குஞ்சுகளே பெருந்தொகையாகப் பொரிந்து மிதவை விலங்குகளைத் தின்றன. வேட்டை மீனின் குஞ்சு சிறுமீனின் வேலையைச் செய்தது. கழிமுகம் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. இரையைத் தின்றால்தான் விளைவு என்பதில்லை, இரையை அச்சுறுத்தினாலே விளைவு உண்டு என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

கடலில் இதுபோன்ற சங்கிலி மூன்று படியிலிருந்து நான்கு படியாவதை ஆய்வாளர்கள் கண்ணெதிரே பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது. அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கடல் நீர்நாய் கடல் முள்ளெலிகளைத் தின்று, அந்த முள்ளெலிகளிடமிருந்து கெல்ப் என்ற பேருருவக் கடற்பாசிக் காடுகளைக் காத்துவந்தது. மென்மயிர்த் தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன அந்த நீர்நாய்கள் 1911-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் மெல்லப் பெருகி, அவை திரும்பிய இடங்களில் கெல்ப் காடுகளும் திரும்பின. 1990-களில் நீர்நாய்கள் மறுபடி சரியத் தொடங்கின. ஆர்க்கா திமிங்கலங்கள் அவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம் என்று ஜேம்ஸ் எஸ்டெசும் உடன் ஆய்வாளர்களும் 1998-இல் எழுதினார்கள். நீர்நாய் குறைந்ததும் முள்ளெலி பெருகிற்று, கெல்ப் அழிந்தது. உச்சியில் ஒரு படி கூடியதும் அடியில் இருப்பதன் நிலை பசுமையிலிருந்து வெறுமைக்குத் திரும்பிவிட்டது. இது ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கணக்கு. எண்கணிதன் ஐயாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லா வேட்டை உயிரும் சங்கிலியாகவே செயல்படும் என்றும் சொல்ல முடியாது. ராபர்ட் பெய்ன் வாஷிங்டன் மாநிலத்தின் மக்கா விரிகுடாப் பாறைகளிலிருந்து பிசாஸ்டர் என்ற நட்சத்திர மீனைத் தொடர்ந்து பிடுங்கி எறிந்துவந்தார். அவர் 1966-இல் வெளியிட்ட முடிவு: பதினைந்து இனங்கள் வாழ்ந்த இடத்தில் எட்டே எஞ்சின. நட்சத்திர மீன் விரும்பித் தின்ற கல்லுமட்டி, தின்பார் இல்லாமல் பாறை முழுவதையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை வெளியே தள்ளிவிட்டது. இங்கே கீழே இருந்தவை "எல்லாம்" பெருகவில்லை. ஒன்று பெருகிற்று, பல அழிந்தன. இடத்துக்கான போட்டியில் வெல்லக்கூடியதை வேட்டை உயிர் தட்டிவைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த உறவுகள் கரையோடு நின்றுவிடுவதும் இல்லை. எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. ஃபுளோரிடாவில் மீன் உள்ள குளங்களையும் மீன் இல்லாத குளங்களையும் ஒப்பிட்டார்கள். மீன்கள் தும்பியின் நீர்வாழ் இளம் பருவத்தைத் தின்பதால், மீன் உள்ள குளத்தருகே தும்பிகள் குறைவு. தும்பிகள் குறைந்ததால் அவை வேட்டையாடும் தேனீ முதலிய பூச்சிகள் மிகுதி. ஆகவே கரையிலுள்ள செடியின் பூக்களுக்கு மகரந்தம் கூடுதலாகக் கிடைத்தது. பூவுக்கும் மீனுக்கும் உணவு உறவு ஏதும் இல்லை. இருந்தாலும் மீனால் பூ பயனடைகிறது.

எண்கணிதன் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வரவும் கையிருப்பும் என்று சொன்னதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. உயிரியலை நீர்த்தொட்டிக் கணக்காக மாற்றிக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்துங்கள்.

கையிருப்பு என்பது உற்பத்தி வீதத்தையும், உருவான ஒரு கிராம் சராசரியாக எவ்வளவு நாள் அந்தப் படியில் தங்குகிறது என்பதையும் பெருக்கி வருவது. குளத்துப்பாசி கொடுத்த கற்பனைக் கணக்கில், பாசியின் உற்பத்தி நாளுக்கு 2 கிராம், கையிருப்பு 4 கிராம்; ஆகவே தங்கும் காலம் இரண்டு நாள். விலங்குகளின் உற்பத்தி அதில் பத்தில் ஒன்று, நாளுக்கு 0.2 கிராம். அவற்றின் கையிருப்பு 21 கிராம் என்றால் தங்கும் காலம் 105 நாள். மேற்படியின் தங்கும் காலம் கீழ்ப்படியினதைப்போல் ஐம்பத்திரண்டரை மடங்கு. அதைப் பத்தால் வகுத்தால் 5.25, 21-ஐ 4-ஆல் வகுத்தாலும் அதுவேதான். எனவே பொதுவான நிபந்தனை இதுவாகிறது: பத்து விழுக்காடு கடத்தப்படும் இடத்தில், மேற்படி கீழ்ப்படியைவிடப் பத்து மடங்குக்கு மேல் நீண்ட காலம் நின்றால் உயிரித்திரள் பிரமிடு கவிழும், குறைந்தால் நிமிரும். காட்டில் மரம் நூறாண்டு நிற்பதால் அது கவிழ வழியே இல்லை.

இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. பாசியை நேரடியாகத் தின்னும் கோபிபாட் போன்ற சிறு விலங்கு நூற்றைந்து நாள் வாழுமா? அதோடு, பாசி நிறைந்து பச்சையாகவே கிடக்கும் குளங்களில் தின்பவை ஏன் பெருகி அதைத் தின்று தீர்ப்பதில்லை?

குளத்துப்பாசி எழுதியது:

நிபந்தனை சரி. ஒரே ஒரு எச்சரிக்கை: தங்கும் காலமும் ஆயுளும் ஒன்றல்ல. ஒரு கோபிபாட் பல மாதம் வாழக்கூடும். ஆனால் பொரிந்தவற்றில் பெரும்பாலானவை இளமையிலேயே தின்னப்பட்டுவிடுவதால் சராசரி மிகவும் கீழே இறங்கும். தவிர, இந்தக் கணக்கு வரவும் செலவும் சமநிலையில் இருக்கும்போதுதான் பொருந்தும். குளிர்ந்த கடல்களில் இளவேனிற்காலத்தில் ஒளி கூடியதும் பாசி வெடித்துப் பெருகும். விலங்குகள் இன்னும் பெருகியிராத அந்தச் சில வாரங்களில் பிரமிடு நிமிர்ந்தே நிற்கும், பிறகு கவிழும். பாடநூலில் வரையப்பட்டிருப்பது ஆண்டுச் சராசரி நிலை.

பச்சைக் குளத்துக்குக் காரணம் பெரும்பாலும் யார் அங்கே இருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஊட்டச்சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் நீலப்பச்சைப் பாசிகள் மேலோங்கும். அவற்றில் பல, நூல்களாகவும் கோளங்களாகவும் திரண்டுகொள்வதால் டாஃப்னியாவின் வடிகட்டும் கால்களில் சிக்கிக்கொள்கின்றன. சில நஞ்சும் சுரக்கின்றன. தின்னப்பட்டாலும் நல்ல உணவாவதில்லை: டயாட்டம்கள் எனும் ஒற்றைச் செல் பாசிகளில் மிகுந்திருக்கும் நீண்ட ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அவற்றில் இல்லை, விலங்குகளுக்குத் தேவையான ஸ்டெரால்களும் இல்லை. உற்பத்தி ஏராளம், கடத்தல் சொற்பம். அந்தப் பாசி மடிந்து அடியில் படிந்து, பாக்டீரியாக்களால் சிதைக்கப்படும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் இறப்பதுண்டு. நீர்க்காகம் சொன்ன வேட்டை மீனை விடும் உத்தி இப்படிப்பட்ட ஏரிகளில் அடிக்கடி ஏமாற்றுவதற்கும் இதுவே காரணம். டாஃப்னியா பெருகினாலும் அதற்குத் தின்னத்தக்கது அங்கே இருக்க வேண்டுமே.

இதற்கு நேர் எதிர்முனையில் நிற்பது நீலத் திமிங்கலம். உலகின் மிகப் பெரிய விலங்கு, ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள, இறால் போன்ற கிரில்லைத் தின்கிறது. கிரில் பெரும்பாலும் டயாட்டம்களைத் தின்கிறது. இடையில் வேறு படி இல்லை. இத்தனை பெரிய உடலைப் போற்ற ஐந்தாறு படி ஏற விட்டிருந்தால் வழியிலேயே எல்லாம் கரைந்திருக்கும்.

நீர்க்காகம் எழுதியது:

குறுக்கே ஒரு சிறு செய்தி. ஆற்றல் படிதோறும் பத்தில் ஒன்றாகக் குறைகிறது என்றால், குறையாத பொருளும் உண்டு என்பதையும் மகளுக்குச் சொல்லுங்கள். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சியை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி. (DDD) என்ற நஞ்சைக் கலந்தார்கள். நீரில் பத்து லட்சத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே இருந்த அது, மிதவை உயிரிகளில் ஐந்து பங்காகவும், மீனைத் தின்னும் கிரீப் என்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 1,600 பங்குவரையிலும் ஏறியிருந்தது. பறவைகள் கூட்டமாக மடிந்தன. சுவாசத்தில் எரிந்து போகாததும் கழிவில் வெளியேறாததுமான பொருள், தின்னப்பட்ட அத்தனை உடல்களிலிருந்தும் தின்றவற்றின் கொழுப்பில் தேங்கிவிடுகிறது. அங்கே கையிருப்பே வரவைச் சொல்லிவிடுகிறது: பறவையின் உடலில் நஞ்சு எவ்வளவு இருக்கிறதோ, அவ்வளவுக்கு மீன் தின்னப்பட்டிருக்கிறது.

கழிமுகம் எழுதியது:

எண்கணிதன் ஐயாவின் நூற்றைந்து நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கோபிபாட் கூட்டத்துக்கு அது மிகவும் நீண்ட தங்கல். விடை பாடநூல் படத்தின் அடிக்குறிப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலக் கால்வாயின் அந்த 21 கிராம் மிதவை விலங்குகளின் எடை மட்டும் அன்று. கடலடியில் வாழும் விலங்குகளையும் சேர்த்த எண். பல பாடநூல்கள் இடத்தை மிச்சப்படுத்த அந்தப் பெட்டியில் "விலங்கு மிதவை உயிரிகள்" என்று மட்டும் போட்டுவிடுகின்றன. கடலடியில் இருப்பவை இருவோட்டுச் சிப்பிகள், புழுக்கள், நட்சத்திர மீன்கள். அவற்றில் பல ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. மேலிருந்து பனிபோல் உதிரும் சிதைபொருளையும் கழிவு உருண்டைகளையும் தின்று வாழ்பவை அவற்றில் பல. அதாவது நேராகப் பாசியைத் தின்பவையும் அல்ல. ஆகவே 21-ஐ ஒரே படியாக எடுத்தது சரியில்லை. அதில் குறைந்தது இரண்டு மூன்று படிகள் கலந்திருக்கின்றன.

மகளின் நூலில் அந்தப் பெட்டிக்குள் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?

எண்கணிதன் எழுதியது:

பார்த்துவிட்டேன். "விலங்கு மிதவை உயிரிகள்" என்றுதான் இருக்கிறது. கடலடி விலங்குகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகள் அந்தப் பெட்டியின் ஓரத்தில் "சிப்பியும் புழுவும் சேர்த்து" என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். "விதி பொருந்தாது" என்று முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, இப்போது கையிருப்பு, வரவு, தங்கும் காலம் என்று மூன்று பத்தி போட்டுச் சில்வர் ஸ்பிரிங்ஸ் எண்களை வகுத்துக்கொண்டிருக்கிறாள்.